மாலை போட்ட மூன்றாம் இரவு

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தினமும் ஒரு குவார்ட்டராவது குடிக்கிறார். சென்ற ஆண்டு தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவதற்காக மாலை போட்டு, அன்றே குடியை நிறுத்தினார். மறுநாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் இரவு, வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) ஆத்தங்குடிக் கல் தரை முழுக்க எறும்பு ஊர்கிறது என்று விடியும்வரை துண்டால் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காத்துக் கருப்பு என்று என் மாமியார் திருநீறு பூசினார். மருத்துவமனையில் சேர்த்த பிறகே தெளிந்தார்; சில வாரங்களில் மறுபடியும் குடி. இந்த ஆண்டும் மாலை போடப் போவதாகச் சொல்கிறார். தடுக்கலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: மாலை போடுவதைத் தடுக்க வேண்டாம், அன்றைக்கே குடியை நிறுத்துவதைத்தான் தடுக்க வேண்டும். குடியை விடச் சொல்ல வேண்டிய மருத்துவரே இப்படிச் சொல்கிறாரே என்று உங்கள் மாமியார் கேட்கக்கூடும்.

காரணம் இதுதான்: ஒரு குவார்ட்டர், அதாவது 42.8 சதவீத மதுவில் 180 மில்லி என்றால், ஏறத்தாழ 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். அது அன்றாடம் மூளையை அமுக்குவதால், மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன் விறுவிறுப்பைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. அமுக்கிய கையை ஒரே நாளில் எடுத்துவிட்டால் அந்த விறுவிறுப்பு கட்டுமீறுகிறது. முதல் நாளில் நடுக்கமும் வியர்வையும், இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பும், இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் இல்லாததைக் காணும் பிதற்றலும் காய்ச்சலும் வரும். அந்தக் கடைசி நிலை உயிரையே பறிக்கக்கூடியது. உங்கள் கணவர் கண்ட எறும்புகள் அந்த வகைதான். ஒருமுறை அப்படி ஆனவருக்கு மீண்டும் ஆகும் வாய்ப்பு அதிகம் என்பதால், வெயிலில் நீரும் உப்பும் வற்ற நடக்கும் வழியில் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

ஆகவே விரதம் தொடங்கச் சில வாரங்களுக்கு முன்பே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, சென்ற ஆண்டு நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். உள்நோயாளியாக வைத்து, நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள். தளர்ச்சிக்கென்று வேறெங்காவது குளுக்கோஸ் ஏற்ற நேர்ந்தால், குடிப்பவர் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் மருந்து எதையும் வாங்காதீர்கள். அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம்.

இடையில் வலிப்பு வந்தால், கையில் சாவியைத் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள்.