கப்பலின் அடிவயிற்றில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கல்லூரிக் கருத்தரங்குக்காக 19ஆம் நூற்றாண்டின் இரும்புக்கவசப் போர்க்கப்பல்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 மார்ச் 9 அன்று, வடக்கின் மானிட்டரும் தெற்கின் வர்ஜீனியாவும் மோதிய ஹாம்ப்டன் ரோட்ஸ் போர்தான் கட்டுரையின் மையம். உலகின் முதல் இரும்புக்கவசக் கப்பல்கள் இவைதானா? அந்தப் போரில் உண்மையில் வென்றது யார்? இன்னொன்று, என் முடிவுரை. முந்தைய நாள் வர்ஜீனியா இடித்து மூழ்கடித்த கம்பர்லேண்ட் என்ற மரக்கப்பலின் மாலுமிகள், தண்ணீர் பீரங்கியைத் தொடும்வரை சுட்டுக்கொண்டே செத்தார்கள். மறுநாள் இரும்புக்குள் பதுங்கிக்கொண்டு நான்கு மணி நேரம் சண்டையிட்டவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. "இரும்பு வந்தது, கடற்போரிலிருந்து வீரம் விடைபெற்றது" என்று முடித்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா?

க.

அன்புள்ள க.,

முதல் இரண்டு கேள்விகளுக்கும் எந்த நூலகத்திலும் விடை கிடைக்கும். இவை முதல் கப்பல்கள் அல்ல. பிரான்சின் க்ளுவார் 1859லும் பிரிட்டனின் வாரியர் 1860லும் தண்ணீரில் இறங்கிவிட்டன. இரும்புக்கவசம் போட்ட இரண்டு கப்பல்கள் ஒன்றையொன்று எதிர்த்து நின்றது ஹாம்ப்டன் ரோட்ஸில்தான் முதல் முறை. வென்றது யார் என்றால், இரு தரப்பும் தாங்களே வென்றதாகச் சொல்லிக்கொண்டன. வடக்கின் கடல் முற்றுகை உடையவில்லை. இரண்டு மாதத்தில் வர்ஜீனியாவை அதன் மாலுமிகளே வெடிவைத்து அழித்தார்கள். அவ்வளவுதான்.

உங்கள் முடிவுரைக்குத்தான் இந்தப் பதில். சென்ற வாரம் அப்பாவின் திதி. அன்றிலிருந்து ஏறக்குறைய இதே விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் உங்கள் கடிதம் வந்தது.

"பதுங்கிக்கொண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எழுதும்போது கப்பலின் உள்ளே ஒரு நிமிடமாவது போய்ப் பார்த்தீர்களா? நீங்கள் போரைக் கரையில் நின்று பார்த்திருக்கிறீர்கள். அன்று ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது இரும்பும் புகையும் மட்டும்தான். ஒன்றரை நூற்றாண்டு கழித்து எழுதுகிற உங்களுக்கு அதற்கு மேல் தெரிந்திருக்க வேண்டும்.

மானிட்டர் மார்ச் 6 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பியது. ஜான் எரிக்சன் வரைந்து கொடுத்து, சுமார் நூறு நாட்களில் கட்டி முடித்த கப்பல். தண்ணீர் மட்டத்தோடு ஒட்டிய தட்டையான மேல்தளம், நடுவில் சுழலும் பீரங்கிக் கூண்டு, மற்ற எல்லாமே தண்ணீருக்குக் கீழே. மனிதர் மூச்சுவிடுவதற்கும் காற்றாடி ஓட வேண்டும். மறுநாள் கடல் கொந்தளித்தது. காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டி, காற்றாடிகளின் பெல்ட் நனைந்து நழுவியது. காற்றாடி நின்றதும் பாய்லர் நெருப்புக்குக் காற்று இல்லை. நச்சுப்புகை இன்ஜின் அறையை நிறைத்தது. சரிசெய்ய உள்ளே போன கடற்படை இன்ஜினியர் ஆல்பன் ஸ்டைமர்ஸும் ஐசக் நியூட்டனும் (இவர் வேறு நியூட்டன், கப்பலின் இன்ஜினியர்) மயங்கிச் சரிந்தார்கள். அவர்களையும் இன்ஜின் ஆட்களையும் தூக்கிவந்து கூண்டின் உச்சியில் காற்றுப்படக் கிடத்தினார்கள். எதிரி கண்ணில் படுவதற்கு முன்பே நடந்தது இது. அப்புறம் அதே ஆட்கள் மீண்டும் கீழே இறங்கினார்கள். மார்ச் 8 இரவு, எரிந்துகொண்டிருந்த காங்கிரஸ் என்ற மரக்கப்பலின் வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்து, சரியான தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் மறுநாள் காலை சண்டைக்குப் போனார்கள். இவர்களா பதுங்கியவர்கள்?

கூண்டுக்குள் இருந்தவர்களும் பாதிக் குருடர்கள்தான். எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரிவதற்காகக் கூண்டுக்கு அடியில் அசையாத தளத்தில் வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தார்கள். சண்டை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவை அழிந்துபோயின. கூண்டைச் சுழற்றினால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியவில்லை. கேப்டன் வோர்டன் இருந்த சுக்கான் அறைக்கும் கூண்டுக்கும் இடையே இருந்த பேச்சுக்குழாய் உடைந்தது. சம்பளக் கணக்கு பார்க்கிற வில்லியம் கீலர் என்பவர் கேப்டனின் எழுத்தரோடு சேர்ந்து இருட்டில் இங்கும் அங்கும் ஓடி உத்தரவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் இருக்கின்றன. தேடிப் படியுங்கள்.

நான் சொல்ல வந்தது வர்ஜீனியாவின் பாய்லர் அறையைப் பற்றி. வடக்கின் மெரிமாக் என்ற பழைய கப்பலை எடுத்துத் திருத்திக் கட்டியதுதான் வர்ஜீனியா. அதன் இன்ஜினும் மெரிமாக்கினுடையதே. மோசமானது என்று வடக்கின் கடற்படையே ஒதுக்கியது, போதாததற்குக் கப்பலோடு எரிந்து மூழ்கி, தண்ணீரில் ஊறியது. அதைக் கட்டி மேய்த்தவர் தலைமை இன்ஜினியர் ஆஷ்டன் ராம்சே. போருக்கு முன்பு மெரிமாக்கில் இதே இன்ஜினைப் பார்த்துக்கொண்டவர். அப்போது அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் யார் தெரியுமா? ஸ்டைமர்ஸ். இப்போது எதிரே மானிட்டரில் இருக்கும் அதே ஸ்டைமர்ஸ்.

மார்ச் 9 அன்று சண்டையின் நடுவே வர்ஜீனியா தரைதட்டியது. 22 அடி ஆழம் வேண்டிய கப்பல் அது. முதல் நாள் எரித்த கரியும் சுட்ட குண்டும் குறைந்ததில் கப்பல் கொஞ்சம் மேலெழும்பி, கவசமில்லாத அடிப்பக்கம் வெளியே தெரியத் தொடங்கியிருந்தது. மானிட்டர் நெருங்கிவந்து சுடுகிறது. உடனே நகர வேண்டும், வேறு வழியில்லை. ராம்சே பாய்லரின் சேஃப்டி வால்வுகளைக் கட்டிப்போடச் செய்தார். எண்ணெயில் தோய்த்த பஞ்சுக்கழிவு, மரச்சிம்புகள், கரியைவிட வேகமாக எரியக்கூடிய எதுவானாலும் அள்ளி நெருப்பில் போட்டார்கள். பாய்லர் எந்த நொடியும் வெடிக்கலாம். நம்பிக்கை போகும் நேரத்தில் கப்பல் அசைந்தது.

என் அப்பா மீட்டர் கேஜ் ரயிலில் பயர்மேன். ஒய்.பி. இன்ஜினில் கரி தள்ளியவர். தலையில் ஒரு நீலத் துணி கட்டியிருப்பார். முன்கையில் முடியே இருக்காது, பொசுங்கிப் போயிருக்கும். வீட்டுக்கு வந்ததும் பேசமாட்டார், முதலில் ஒரு செம்புத் தண்ணீர். அம்மா தேங்காயெண்ணெய் எடுத்துவந்து கொப்புளத்தில் தடவுவார். ரயிலைப் பற்றி ஊரில் யார் பேசினாலும் டிரைவரைப் பற்றித்தான் பேசுவார்கள். பள்ளியில் என்னிடம் "உங்க அப்பா ரயில் ஓட்டுறாரா?" என்று கேட்டால் "இல்ல, கரி அள்ளிப் போடுறாரு" என்று சொல்ல எனக்குக் கூச்சம். ஆமாம் என்று பொய் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொய் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

அவர் ஓய்வுபெற்ற பிறகு, ராம்சே முதுமையில் எழுதிய நினைவுக்குறிப்பை ஒருநாள் தமிழில் வாசித்துக் காட்டினேன். சேஃப்டி வால்வைக் கட்டிய இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் கொலைக்குற்றம் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"புகைபோக்கி முழுசா இருந்துச்சா?"

இல்லை, முதல் நாள் சண்டையிலேயே சல்லடையாகத் துளைக்கப்பட்டிருந்தது என்றேன்.

"அப்ப டிராஃப்ட் இருந்திருக்காதே. நெருப்பு இழுக்காது. பஞ்சைப் போட்டா குபுக்குன்னு கதவு வழியா மூஞ்சியிலதான் அடிக்கும். அதுக்கு முன்னாடி நின்னு அள்ளிப் போட்டிருக்கான்யா." அப்புறம், "மேல இருக்கறவனுக்கு வெளிச்சமாவது தெரியும்" என்றார்.

நான் பத்துப் பதினைந்து ஆண்டுகள் படித்தும் புகைபோக்கியின் ஓட்டையை வேகக்குறைவுக்கான காரணமாக மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு மனிதனின் முகத்தில் வந்து அடிக்கும் தீ என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஆகவே உங்களை மட்டும் திட்டவில்லை. ராம்சே நின்றது அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட பக்கம், அதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த நெருப்புக்கு முன்னால் நின்றவனைப் பதுங்கியவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இரும்புக்கவசக் கப்பல் கடற்போரை எப்படி மாற்றியது என்று கேட்டால் எல்லோரும் கவசத்தின் தடிமனைச் சொல்வார்கள். வர்ஜீனியாவுக்கு 4 அங்குலம், வாரியருக்கு நாலரை அங்குலம், அதற்குப் பின்னால் 18 அங்குலத் தேக்கு. எழுதுங்கள், தவறில்லை. 1853இல் சினோப் துறைமுகத்தில் ரஷ்யாவின் வெடிகுண்டுகள் துருக்கியின் மரக்கப்பல்களை எரித்ததை விட்டுவிடாதீர்கள், கவசம் ஏன் வந்தது என்பது அங்கேதான் புரியும். ஆனால் என்னைப் பொறுத்தவரை பெரிய மாற்றம், கப்பலின் உயிர் பாய்மரத்தை விட்டு அடிவயிற்றுக்கு இறங்கியதுதான். முன்பு சாவு வருவதை மாலுமி கண்ணால் பார்க்க முடிந்தது. இப்போது போரின் பாதிச் சுமையைத் தூக்குகிறவனுக்கு எதிரிக் கப்பல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியாது. மணி அடித்தால் நீராவியைக் கூட்டு, இன்னொரு மணி அடித்தால் குறை. மேல்தள அதிகாரிகள் அவனையும் அவனுடைய இன்ஜினியரையும் தங்களுக்குச் சமமாக நெடுங்காலம் மதிக்கவும் இல்லை.

1893 ஜூன் 22, லெபனானின் திரிப்போலி அருகே, வெறும் அணிவகுப்புப் பயிற்சியில் கேம்பர்டவுன் என்ற கப்பல் இடித்து விக்டோரியா என்ற பிரிட்டிஷ் கப்பல் கவிழ்ந்தது. 358 பேர் இறந்தார்கள். மேல்தளத்தில் இருந்தவர்களை வரிசையில் நிறுத்தி, கடைசியில் குதிக்கச் சொல்ல ஆள் இருந்தது. கீழே இன்ஜின் அறைக்கு மேலே வரும்படி உத்தரவு போகவில்லை. அவர்கள் தங்கள் இடத்திலேயே இருந்தார்கள். உங்கள் முடிவுரையை அவர்களுக்கு வாசித்துக் காட்ட முடியுமா?

கம்பர்லேண்டின் மாலுமிகளைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். 120க்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கப்பலில் செத்தார்கள். அவர்களைப் பற்றி நீங்கள் எழுதிய பத்தியைப் படித்துக் கண்கலங்கினேன். உங்கள் வயதில் எனக்கு இப்படி எழுத வராது. அந்தப் பத்தியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். கடைசி வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் ராம்சேயும் ஸ்டைமர்ஸும் வரட்டும், ஒரே இன்ஜினை அறிந்த இருவர் இரண்டு பக்கமும் நெருப்போடு நின்றது வரட்டும்.

மானிட்டர் 1862 டிசம்பர் 31 அதிகாலையில் ஹட்டராஸ் முனை அருகே புயலில் மூழ்கியது. 16 பேர் போனார்கள். 2002இல் பீரங்கிக் கூண்டைக் கடலிலிருந்து தூக்கியபோது உள்ளே இருவரின் எலும்புக்கூடுகள் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டே இன்ஜினைத் தூக்கிவிட்டார்கள். இரண்டும் வர்ஜீனியா மாநிலத்தில் நியூபோர்ட் நியூஸ் நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. என்றாவது அங்கே போக வாய்த்தால், கூட்டம் கூண்டின் பக்கம்தான் இருக்கும். நீங்கள் இன்ஜின் இருக்கும் தொட்டிக்குப் போய் எனக்காகவும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

திருத்திய கட்டுரையை அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்.