கறையா, கரையா?

கேள்வி: காவலர் தேர்வுக்கு இரண்டாவது முறையாகத் தயாராகிறேன். ஓட்டம், உடல் தகுதி எல்லாம் தேறிவிடுவேன். போன முறை மொழித்தாளில்தான் போய்விட்டது. இலக்கண விதிகள் மனப்பாடமாகத் தெரியும். எழுத உட்கார்ந்தால் பிழை வந்துவிடுகிறது. மூன்று மாதம் இருக்கிறது, என்ன செய்யட்டும்?

பதில்: விதி தெரிந்தும் பிழை வருகிறதென்றால் கைக்குப் பழக்கம் போதவில்லை. விதிப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். உங்கள் பழைய பயிற்சித் தாள்களை எடுத்து, செய்த பிழைகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ர-ற, ல-ள-ழ, ஒற்று, ஒருமை பன்மை என்று நான்கைந்து வகைக்குள் அநேகமாக அடங்கிவிடும்.

இவற்றைச் சின்னப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். 'துண்டில் சிவப்புக் கறை இருந்தது' என்றால் அது தடயம். 'சிவப்புக் கரை இருந்தது' என்றால் வெறும் நெசவு. ஓர் எழுத்தில் வழக்கே மாறிவிடும். ஒற்றுக்கு முதலில் இவ்வளவு போதும்: ஐ, கு உருபுகளுக்குப் பின் வல்லினம் மிகும் (திருடனைப் பிடித்தார், நிலையத்துக்குச் சென்றார்). அந்த, இந்த, எந்த வந்தாலும் மிகும். 'வந்த பையன்' போன்ற பெயரெச்சத்தில் மிகாது. இவை கைவந்த பிறகு மற்றவற்றுக்குப் போகலாம்.

தினமும் யாரையாவது பத்து வரிச் செய்தி வாசிக்கச் சொல்லிக் கேட்டு எழுதுங்கள். பேச்சில் ரகர றகர வேறுபாடு பெரும்பாலும் கேட்காது. பொருளை வைத்து நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும். அதுதான் பயிற்சி.

அப்புறம், பத்தி எழுதுவது. நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தைத் தினமும் பத்து வரியில், கையால் எழுதுங்கள். எங்கே, எப்போது, யார், என்ன செய்தார் என்பது தெளிவாக இருக்கட்டும். 'முருகன் செல்வத்தைத் தள்ளினான். அவன் கையில் கத்தி இருந்தது' என்று எழுதினால் கத்தி யாரிடம்? அந்த இடத்தில் 'அவன்' வேண்டாம், பெயரையே மறுபடி எழுதுங்கள். அதேபோல 'கதவு உடைந்திருந்தது' என்பது நீங்கள் பார்த்தது. 'கதவை உடைத்தான்' என்பது ஒருவர்மேல் வைக்கும் குற்றச்சாட்டு. பார்த்ததையும் ஊகித்ததையும் கலக்காமல் எழுதத் தெரிந்தவரைத்தான் இந்த வேலைக்குத் தேடுகிறார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை. அலங்காரச் சொற்களுக்கு இங்கே இடமில்லை.

சுருக்கி எழுதும் கேள்வி உங்கள் தேர்வில் உண்டா என்று பாடத்திட்டத்தில் பாருங்கள். இருந்தால், மூலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு, உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதிப் பழகுங்கள்.

தேர்வு நாளில் கடைசி ஐந்து நிமிடத்தை ஒதுக்கி வையுங்கள். அப்போது தாள் முழுவதையும் மேலோட்டமாகப் படிக்காமல், உங்கள் நோட்டில் அதிகமாக வந்த பிழை எதுவோ அதை மட்டும் தேடுங்கள். ஒருமை பன்மைதான் உங்கள் பிரச்சினை என்றால், ஒவ்வொரு வாக்கியத்தின் எழுவாயையும் முடிவையும் மட்டும் சேர்த்துப் பாருங்கள். 'வண்டிகள் நின்றது' அங்கேயே கண்ணில் பட்டுவிடும்.