வாசகர் கேள்வி பதில்: கார்டில் மீதி எவ்வளவு?

கேள்வி: அம்மா துப்புரவு வேலைக்குப் போகிறார், விடியற்காலை முதல் பேருந்து. இறங்கும்போது கார்டில் மீதி எவ்வளவு என்று திரையில் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. சிங்கப்பூரின் புதிய பயணக் கார்டு முறையான சிம்ப்ளிகோவுக்கு மாறச் சொன்னால் கோபம் வருகிறது. எப்படிப் புரியவைப்பது?
(வாசகி, ஈசூன்)

பதில்: அம்மாவுக்கு எல்லாம் புரிந்துதான் இருக்கிறது, அவரை விட்டுவிடுங்கள். அவர் வைத்திருக்கும் பழைய ஈசி-லிங்க் பயணக் கார்டில் பணம் கார்டுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் தட்டிய கையோடு கட்டணத்தைக் கழித்து மீதியைக் காட்டிவிட முடிகிறது. சிம்ப்ளிகோவில் பணம் இருப்பது கணக்கில். கருவி உங்கள் கார்டைக் குறித்துக்கொள்வதோடு சரி, கணக்கெல்லாம் பிறகு வேறெங்கோ நடக்கிறது. அதை அங்கேயே கேட்டு வாங்கித் திரையில் காட்டுவதென்றால் ஒவ்வொருவரும் சில விநாடி நிற்க வேண்டும், காலை எட்டு மணிக்கு ஜூரோங் ஈஸ்ட் நிலையத்தில் அது நடக்கிற காரியமில்லை. காரணம் நியாயமானதுதான். ஆனால் கையில் இருக்கும் காசை எண்ணிச் செலவழிக்கிறவருக்கு, இன்று எவ்வளவு போனது, நாளைக்கு எவ்வளவு இருக்கிறது என்று அந்த இடத்திலேயே தெரிவது பெரிய விஷயம். செயலியில் பார்த்துக்கொள்ளலாமே என்று பிள்ளைகள் சொல்வது சுலபம், விடிகாலை இருட்டில் ஒரு கையில் பையும் இன்னொரு கையில் கம்பியும் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் எந்தக் கையால் செயலியைத் திறப்பார்?

2024 ஜனவரி 9 அன்று, ஜூன் 1 முதல் வயதுவந்தோருக்கான பழைய கார்டுகள் செல்லாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது நினைவிருக்கும். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஜனவரி 22 அன்று அந்த முடிவைக் கைவிட்டார்கள், பழைய முறையைத் தொடர்ந்து நடத்தக் கூடுதலாக 4 கோடி வெள்ளியும் ஒதுக்கினார்கள். உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் பேருந்திலும் காப்பிக்கடையிலும் வாய்விட்டுச் சொன்னதுதான் மேலே போய்ச் சேர்ந்தது என்று நான் நம்புகிறேன். 2030 வரையாவது அந்தக் கார்டு ஓடும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவையுங்கள்: கார்டு தொலைந்தால் உள்ளே இருக்கும் பணமும் போச்சு. சிம்ப்ளிகோ கணக்கில் பதிந்த கார்டை உடனே முடக்கிவிடலாம், அந்த விஷயத்தில் புதியதுதான் மேல். ஆகவே நிறையப் பணம் ஏற்றி வைக்காமல் அவ்வப்போது பத்து இருபது வெள்ளியாக ஏற்றிக்கொள்ளட்டும்.

கேள்வி: வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று ஒருவர் கூப்பிட்டார், பிறகு ‘போலீஸ் அதிகாரி’க்கு மாற்றிவிட்டார். வைத்துவிட்டேன். மரியாதையில்லாமல் நடந்துகொண்டேனோ?
(வாசகர், பிடோக்)

பதில்: மிகச் சரியாகச் செய்தீர்கள் ஐயா. தொலைபேசியில் கூப்பிட்டுப் பணத்தை மாற்றச் சொல்லவோ வங்கிக் கணக்கின் மறைச்சொல்லைக் கேட்கவோ எந்த அரசாங்க அதிகாரிக்கும் வேலை இல்லை. 2024ல் மட்டும் மோசடிகளில் இங்கே 110 கோடி வெள்ளிக்கு மேல் போயிருக்கிறது, அதில் எத்தனை பேருடைய ஓய்வுக்காலச் சேமிப்போ. சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். பெரிய தொகையை வங்கியிலேயே பூட்டி வைக்கும் வசதியும் இருக்கிறது, அதை இணையத்தில் திறக்க முடியாது.

கேள்வி: நண்பர்களோடு மலேசியாவின் ஜொகூர் பாரு போய் மளிகையும் துணியும் வாங்கி அன்றே திரும்பினேன். அவர்களுக்கு வரிச் சலுகை உண்டாம், வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் எனக்கு இல்லையாம். உண்மையா?
(வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: உண்மைதான் தம்பி. 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்துவிட்டு வந்தால் 100 வெள்ளி வரை, அதற்கு மேல் இருந்தால் 500 வெள்ளி வரை பொருள் சேவை வரி இல்லை. ஆனால் வேலை அனுமதிச் சீட்டு, மாணவர் அட்டை, சார்ந்திருப்போர் அட்டை, நீண்டகால வருகை அட்டை வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. முழு மதிப்புக்கும் 9 விழுக்காடு கட்ட வேண்டும். சம்பளம் குறைவாக வாங்குகிற ஊழியர்தான் பாலத்தைத் தாண்டிப்போய் நாலு காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார், அவருக்கே இந்த விதி இறுகலாக இருப்பது எனக்கு வருத்தம்தான். இதை மாற்றலாம் என்றுதான் நினைக்கிறேன். மாறும்வரை ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருந்து, சுங்கத்துறையின் இணையத்தளத்தில் முன்கூட்டியே அறிவித்துக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் சோதனைச்சாவடியில் வரி கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்புப் பாதைக்குப் போங்கள். ஐந்து வெள்ளி வரிக்காக உங்கள் வேலைக்கே பங்கம் வரக்கூடாது. மலேசியாவிலிருந்து வரும்போது மதுவுக்கு யாருக்குமே சலுகை இல்லை, வெள்ளைக்காரருக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

கேள்வி: 2025 பொதுத்தேர்தலில் எங்கள் குழுத்தொகுதியில் (பல உறுப்பினர்களை ஓர் அணியாகத் தேர்ந்தெடுக்கும் தொகுதி) போட்டியே இல்லை. முதல்முறை வாக்களிக்கக் காத்திருந்த என் மகள் அழுதேவிட்டாள். பெரிதுபடுத்த வேண்டாம் என்கிறார் கணவர்.
(வாசகி, மரின் பரேட்)

பதில்: பெரிய விஷயம்தான், மகள் அழுததில் தவறே இல்லை. ஏப்ரல் 23 வேட்புமனுத் தாக்கலன்று மரின் பரேட் - பிரேடல் ஹைட்ஸில் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி இறங்காததால் மக்கள் செயல் கட்சி அணி போட்டியின்றித் தேர்வானது, 2011க்குப் பிறகு சிங்கப்பூரில் எந்தத் தொகுதியிலும் இப்படி நடந்ததில்லை. முந்தைய தலைமுறைக்கு இது பழகிய கதை: 2001ல் 84 இடங்களில் 55 போட்டியின்றியே போயின. இருக்கும் ஆள்பலத்தை எங்கே நிறுத்துவது என்பது கட்சியின் முடிவு, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் மே 3 அன்று ஊரே வரிசையில் நிற்க, நம் வீட்டுப் பிள்ளை மட்டும் தொலைக்காட்சி பார்த்தாள் என்றால் வலிக்கத்தான் செய்யும். மக்கள் செயல் கட்சி பெற்ற 65.57 விழுக்காடு என்ற கணக்கில்கூட உங்கள் தொகுதியின் குரல் இல்லை, வாக்குப்பதிவு நடந்த இடங்களை வைத்துத்தான் அந்தக் கணக்கு. மகளிடம் நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மக்களைப் பார்க்கும் மக்கள் சந்திப்புக் கூட்டத்துக்கு ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். உங்கள் பேட்டையில் எது சரியில்லை என்று உறுப்பினரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாக்குச்சீட்டு தேவையில்லை.

கேள்வி: குகேஷ் இங்கே உலகப் பட்டம் வென்றதிலிருந்து என் எட்டு வயது மகன் சதுரங்கமே கதியென்று கிடக்கிறான். படிப்பு கெடாதா?
(வாசகர், செங்காங்)

பதில்: விளையாடட்டும் விடுங்கள்! 2024 டிசம்பர் 12, செந்தோசா. பதின்மூன்று ஆட்டம் முடிந்து ஆளுக்கு ஆறரைப் புள்ளி, கடைசி ஆட்டமும் சமநிலையில்தான் முடியும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தபோது எதிராளி டிங் லிரென் 55வது நகர்த்தலில் கோட்டையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். குகேஷ் பார்த்துவிட்டார். சென்னையில் வளர்ந்த 18 வயதுப் பையன், காஸ்பரோவ் 22 வயதில் படைத்த சாதனையைத் தாண்டினான், அதுவும் நம் ஊரில் வைத்து. இதைப் பார்த்த பிள்ளை சும்மா இருந்தால்தான் ஆச்சரியம். அந்தக் கடைசி ஆட்டத்தில் பாருங்கள், ஒரே ஒரு சிப்பாய்தான் கூடுதல், அதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் விடாமல் அழுத்தினார். மகன் அதைக் கற்றுக்கொண்டால் கணக்குப் பரீட்சைக்கும் உதவும். சமூக மன்றத்தில் வகுப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். வகுப்புக் கட்டணத்துக்கு யோசனையாக இருந்தால் அடுக்குமாடி புளோக்கின் கீழே சதுரங்கக் கட்டம் வரைந்த கல்மேசை இருக்கும், மாலையில் அங்கே உட்காரும் பெரியவர்கள் எட்டு வயது எதிராளியை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.