525 மடங்கு என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறதே, சனிக் கோள் ஏன் கலங்குகிறது?

கேள்வி: என் தொலைநோக்கியின் விட்டம் 70 மி.மீ., குவியத்தூரம் 700 மி.மீ. பெட்டியில் 525 மடங்கு என்று போட்டிருக்கிறது. ஆனால் 150-ஐத் தாண்டினாலே சனிக் கோள் மங்கிக் கலங்குகிறது. ஒளி ஃபோட்டான் துகள்கள்தானே, கேமராவில் நெடுநேரம் சேகரித்தால் தெளிவு வருமா?

பதில்: வராது. கருவி பழுதாகிவிட்டதென்றும் எண்ண வேண்டாம். ஒளி அலையாகப் பரவுவதால், விண்மீனின் பிம்பம் விளிம்பு விளைவுக்கு (ஓரங்களைக் கடக்கும் அலை சற்று வளைந்து பரவுவது) உட்பட்டு, மங்கிய வளையங்கள் சூழ்ந்த சிறு வட்டாகவே விழுகிறது. உங்கள் விட்டத்துக்கு, ஏறத்தாழ 2 ஆர்க் செகண்டுக்கும் (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்) நெருக்கமான இரு விண்மீன்களைத் தெளிவாகப் பிரிக்க இயலாது.

ஃபோட்டான்கள் ஒவ்வொன்றாக வந்தாலும் இதுவேதான். 1909-இல் ஆங்கில இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் ஓர் ஊசியின் நிழலை மிக மங்கிய ஒளியில் மாதக்கணக்கில் பதிவு செய்தபோதும், வழக்கமான விளிம்பு விளைவுப் பட்டைகளே கிடைத்தன. ஒரு ஃபோட்டான் ஓரிடத்தில்தான் பதியும். எங்கே பதியக்கூடும் என்பதை முடிவு செய்வதோ லென்ஸின் முழு விட்டத்தையும் கடந்து வரும் அலை. நெடுநேரப் பதிவில் வட்டு அழுத்தமாகுமே தவிரச் சுருங்காது. அலையை ஒரு பாடத்திலும் துகளை வேறொரு பாடத்திலும் வைத்துத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யவைக்கும் பாடத்திட்டம் மாறாதவரை, இந்தக் குழப்பத்துக்கு மாணவர்களைக் குறை சொல்ல முடியாது.

இனி அந்த 525. 700-ஐ 4 மி.மீ. கண்ணருகு லென்ஸால் வகுத்து, 3 மடங்கு பார்லோ லென்ஸால் (உருப்பெருக்கத்தைக் கூட்ட இடையில் செருகும் லென்ஸ்) பெருக்கினால் வருவது அது. கணக்கு சரி, நோக்கம்தான் சரியில்லை. விட்டத்தின் மி.மீ. அளவைப்போல் இரு மடங்கு, அதாவது 140, உங்கள் கருவிக்குப் பயன்தரும் உச்சம். அதற்கு மேல் பெரிதாவது அந்த வட்டின் மங்கல்தான். விட்டத்தைச் சிறிய எழுத்திலும் மடங்கைப் பெரிய எழுத்திலும் அச்சிடுகிறவர்களிடம் எதையும் வாங்காதீர்கள்.

"இதே கருவியில் காசினி இடைவெளி தெரிகிறதே" என்று விற்பவர் மடக்குவார். சனி வளையத்திலுள்ள அந்த இடைவெளியின் அகலம் 1 ஆர்க் செகண்டுக்கும் குறைவுதான். காற்று அசையாத இரவில், வளையம் நன்கு சாய்ந்திருக்கும் ஆண்டுகளில், சிறு கருவியிலும் அது தென்படுவது உண்மை. ஆனால் அது பிரகாசமான பரப்பில் ஓடும் நீண்ட கருங்கோடு. அதன் ஒளிக்குறைவு கண்ணுக்குப் படுகிறதே ஒழிய, அதன் அகலமோ ஓரங்களோ பிரிந்து தெரிவதில்லை. மெல்லிய கருங்கோட்டுக்குப் பொருந்தும் இச்சலுகை இரட்டை விண்மீன்களுக்குப் பொருந்தாது.

பார்லோவைக் கழற்றிவிட்டு, 10 மி.மீ. கண்ணருகு லென்ஸில் 70 மடங்கில் சனியைப் பாருங்கள். காற்று அமைதியாக இருந்தால் 6 மி.மீ. லென்ஸுக்குப் போகலாம். மேலும் செலவிடுவதாக இருந்தால் விட்டத்துக்குச் செலவிடுங்கள்.