பிரெஞ்சுத் திருமணத்தில் தோழி – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். லியோனில் முதுகலை படிக்கிறேன். உடன் படிக்கும் பிரெஞ்சுத் தோழிக்கு ஜூன் மாதம் திருமணம். பர்கண்டிப் பகுதியில் அவளுடைய பாட்டி ஊரிலுள்ள பழைய கல் தேவாலயத்தில் நடக்கிறது. என்னை மணப்பெண் தோழியாக நிற்கச் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை மாலை தேவாலயத்தில் ஒத்திகை, மறுநாள் திருமணம். நான் இந்து. பலிபீடத்தின் அருகே போகலாமா? ஒத்திகையில் என்ன செய்யச் சொல்வார்கள்? புடவையில் வா என்கிறாள், அது சரிப்படுமா? அம்மாவிடம் சொன்னபோது, "கல்யாணத்தை முதல் நாளே நடத்திப் பார்ப்பார்களா, அபசகுனம் இல்லையா?" என்று கேட்டார். அலங்காரத்துக்கு நிறுத்திவைக்கும் பொம்மை ஆகிவிடுவேனோ என்ற கூச்சமும் எனக்கு இருக்கிறது. நீங்கள் பிரான்சில் பல காலமாக வாழ்பவர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, லியோன்

*

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது நல்ல கேள்வி. ஒத்திகையில் திருமணம் நடப்பதில்லை. யார் யாருக்குப் பின்னால் நடப்பது, எங்கே உட்காருவது, மோதிரம் யார் கையில் இருக்க வேண்டும், வாசகம் படிப்பவர் எந்தப் பக்கமாக ஏறி வர வேண்டும், இவைதான் ஒத்திகை. மணமக்கள் சம்மதம் சொல்லும் கட்டம் வந்ததும், நான் பார்த்த ஒத்திகைகளில் எல்லாம் பாதிரியார் நிறுத்திவிட்டார். "இதை நாளைக்குச் சொல்வீர்கள்" என்று அடுத்ததற்குப் போய்விட்டார். அதற்குக் காரணம் உண்டு. ரோமன் கத்தோலிக்க மரபில் மணமக்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் சம்மதம்தான் திருமணம். பாதிரியார் அதைத் திருச்சபையின் பெயரால் கேட்டுப் பெறுபவர். ஆகவே அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்க்க விடமாட்டார்கள். நாமும் தாலியைத் தட்டில் வைத்துப் பந்தல் முழுக்க ஆசி வாங்குகிறோம், முகூர்த்தத்துக்கு முன் கழுத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்கு உடனே புரியும்.

அடுத்து, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்க வேண்டும். மேயர் அலுவலகத் திருமணம் எப்போது? தேவாலயத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள், அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பிரான்சில் சட்டப்படி செல்லும் திருமணம் அது ஒன்றுதான். 1792 செப்டம்பரில் புரட்சி அரசு பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைத் திருச்சபையின் கையிலிருந்து எடுத்து நகராட்சிகளிடம் கொடுத்தது. அன்றிலிருந்து இந்த நாட்டில் மேயர்தான் மணம் முடித்துவைக்கிறார். தேவாலயச் சடங்கு அதற்குப் பிறகுதான் நடக்கலாம். அந்த வரிசையை மீறி மதச் சடங்கை வழக்கமாக நடத்திவைக்கும் குருவுக்கு 6 மாதச் சிறையும் 7,500 யூரோ அபராதமும் விதிக்கக் குற்றவியல் சட்டத்தில் இன்றும் இடமிருக்கிறது. அதனால் பாதிரியார் மேயர் தந்த சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்வார். சில குடும்பங்கள் மேயர் அலுவலகத்தை முந்தைய நாளோ முந்தைய வாரமோ முடித்துவிடுவார்கள். உங்கள் தோழியின் வீட்டில் அப்படி என்றால், வெள்ளிக்கிழமை மாலை உங்கள் முன்னால் நிற்பவர்கள் ஏற்கெனவே கணவன் மனைவி.

மேயர் முன் நடக்கும் சடங்குக்கு ஒத்திகையே கிடையாது. எனக்கு அது மிகவும் பிடிக்கும். குறைந்தது பத்து நாளைக்கு முன்பே திருமண அறிவிப்பை வாசலில் ஒட்டியிருப்பார்கள். அன்றைக்கு மண்டபக் கதவு திறந்தே இருக்க வேண்டும், ஆட்சேபம் உள்ளவர் யாரும் உள்ளே வரலாம் என்பதற்காக. மேயரோ துணை மேயரோ மூவண்ணப் பட்டையைத் தோளில் குறுக்காக அணிந்து, சிவில் சட்டத் தொகுப்பின் பிரிவுகளை உரக்கப் படிப்பார். தம்பதியர் ஒருவருக்கொருவர் மரியாதை, விசுவாசம், உதவி, ஆதரவு ஆகியவற்றுக்குக் கடமைப்பட்டவர்கள் என்கிறது 212ஆம் பிரிவு. அதில் 'மரியாதை' 2006இல்தான் சேர்ந்தது. அடுத்த பிரிவான 213க்கு இன்னும் கசப்பான வரலாறு இருக்கிறது. 1804இல் நெப்போலியன் காலத்தில் எழுதியபோது, கணவன் மனைவிக்குப் பாதுகாப்பும் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிதலும் தர வேண்டும் என்று இருந்தது. 1938இல்தான் அதை நீக்கினார்கள். இன்று அதே எண்ணின் கீழ், குடும்பத்தை இருவரும் சேர்ந்து வழிநடத்துவார்கள் என்று படிக்கிறார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்து அதைக் காதால் கேட்க நேர்ந்தால், தயவுசெய்து கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பீர்களா, எழுந்து கையெழுத்திடுவீர்களா என்பதுதான் முக்கியம். மேயர் முன்னால் மணப்பெண் தோழி என்று ஒரு பொறுப்பு இல்லை. சட்டத்துக்குத் தெரிந்தவர்கள் சாட்சிகள் மட்டுமே. குறைந்தது இருவர், அதிகம் போனால் நால்வர், 18 வயது நிரம்பியவர்கள். எந்த நாட்டவராகவும் இருக்கலாம். நெப்போலியன் சட்டம் சாட்சிகள் ஆண்களாகவே இருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. அந்தக் காலத்தில் மணமகளோடு சிறு வயதிலிருந்து வளர்ந்தவள், அவள் மனத்தை அந்த மண்டபத்தில் யாரையும்விட நன்றாக அறிந்தவள், பூச்செண்டோடு பின்னால் நடக்கலாம். பதிவேட்டில் பெயர் எழுத முடியாது. யாரோ ஒரு மாமாவும் பக்கத்து வீட்டுக்காரரும் எழுதுவார்கள். 1897 டிசம்பர் 7ஆம் தேதிச் சட்டம்தான் பெண்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. அதிலும் கணவனும் மனைவியும் ஒரே பதிவில் சேர்ந்து சாட்சியாக முடியாது என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள்.

உங்கள் கூச்சத்துக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. பிரெஞ்சு வழக்கில் தோழியின் இடம் சிறியது, சாட்சியின் இடம் பெரியது. ஒரே நிற உடையில் ஆறு பெண்கள் பலிபீடத்தின் ஓரம் வரிசையாக நிற்பதும், முதல் நாள் இரவு ஒத்திகை விருந்தும் அமெரிக்கத் திரைப்படங்களில் நாம் பார்த்தவை. இப்போது இங்கும் சில இளம் தம்பதியர் அப்படிச் செய்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. அலங்காரமாக நிற்கிறோம் என்ற எண்ணம் தோழிகளுக்கு வருவதே அந்த வரிசையால்தான். இங்கே தோழிகள் உள்ளே நடந்து வந்ததும் முன் இருக்கையில் அமர்ந்துவிடுவார்கள். ஆகவே தோழியிடம் இன்றைக்கே நேராகக் கேளுங்கள்: "நான் தோழி மட்டுமா, சாட்சியும் நானா?" அவள் மனத்தில் இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடும். சாட்சி என்றால் உங்கள் பெயர், தொழில், முகவரி, அடையாள அட்டை நகல் எல்லாம் திருமணக் கோப்பில் முன்கூட்டியே சேர வேண்டும்.

ஒத்திகைக்கு வருகிறேன். பிரெஞ்சு ஊர்வலத்தில் பெரிய பங்கு குழந்தைகளுடையது. உறவுக் குழந்தைகள் நான்கைந்து பேர் பூக்கூடையும் மோதிரத் தலையணையுமாக நடப்பார்கள். அவர்களை மேய்ப்பது பெரும்பாலும் தோழியின் வேலை. நான் போயிருந்த ஓர் ஒத்திகையில் ஆறு வயதுப் பையன் ஒருவன் தலையணையை ஏந்திப் பாதி தூரம் வந்தான். இந்த ஊர்ப் பழைய தேவாலயங்களில் தரையிலேயே கல்லறைக் கற்கள் பதிந்திருக்கும். ஒன்றைக் கண்டதும் குந்தி உட்கார்ந்து, தேய்ந்துபோன எழுத்துகளை விரலால் தடவிக் கூட்டி வாசிக்க ஆரம்பித்துவிட்டான். அவனுடைய பாட்டி முன் வரிசையிலிருந்து அதட்டினார், அவன் அசையவில்லை. தோழியாக வந்த பெண் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். இருவரும் அந்தப் பெயரைக் கடைசி எழுத்து வரை வாசித்து முடித்தார்கள். பிறகு கையைப் பிடித்து எழுந்தான். மறுநாள் அந்தக் கல்லைப் பார்த்தும் பார்க்காதவன்போல் தாண்டிப் போனான். ஒத்திகையின் பயன் இவ்வளவுதான், ஆனால் இது பெரிய பயன்.

மற்றபடி, திருமணத்தன்று போடப்போகும் செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள். நடுவழியில் வெப்பக் காற்று வருவதற்கான இரும்புக் கிராதி இருந்தால் குதிகால் மாட்டிக்கொள்ளும். மணமகன் தன் தாயின் கையைப் பிடித்து முன்னால் வருவதும், மணமகள் தந்தையோடு கடைசியில் வருவதும் பெரும்பாலும் உள்ள வழக்கம். உங்கள் இடம் எது என்று அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். மோதிரம் மாற்றும்போது பூச்செண்டை வாங்குவது, படியில் உடையின் வாலை விரித்துவிடுவது, இரண்டையும் ஒருமுறை செய்து பாருங்கள். தோழியின் முகத்தையும் கவனியுங்கள். வெள்ளி மாலை அவள் பாதி பேருக்கு வழி சொல்லிக்கொண்டும் பூக்காரரோடு பேசிக்கொண்டும் இருப்பாள். தண்ணீர் குடித்தாளா என்று கேட்க ஆள் இருக்காது.

இந்து என்பதற்காகத் தயங்க வேண்டாம். தேவாலயத் திருமணத்துக்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்கள் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் கேட்கவில்லை. பதிவேட்டில் கையெழுத்திடப் பலிபீடத்தின் அருகே அழைத்தால் தயங்காமல் போகலாம். திருப்பலியோடு நடக்கும் திருமணம் என்றால் நற்கருணை, அதாவது பாதிரியார் வழங்கும் அப்பம், மட்டும் உங்களுக்கு உரியதல்ல. அப்போது இருக்கையிலேயே இருந்துவிடலாம். வரிசையில் போக விரும்பினால் கைகளை மார்பில் குறுக்காக மடித்துக்கொள்ளுங்கள், பாதிரியார் ஆசி மட்டும் கொடுத்து அனுப்புவார்.

புடவை உடுத்துங்கள். அவளே ஆசையாகக் கேட்கிறாள் என்றால் யோசிக்க எதுவுமில்லை. கொசுவத்தை ஒரு விரல் அளவு தூக்கிக் கட்டி நன்றாகப் பின் குத்துங்கள், குழந்தைகள் பின்னால் வருவார்கள். கல் தேவாலயம் ஜூனிலும் குளிரும், ஒரு சால்வை வேண்டும்.

ஒன்று விட்டுப்போயிற்று. மாலையில் தோட்டத்தில் திராட்சை மதுவும் சிற்றுண்டியுமாக ஊரார் எல்லாருக்கும் ஒரு வரவேற்பு, பிறகு இரவு விருந்து, கேரமல் பூசிய சிறு பன்களை அடுக்கிய கோபுரம் வெட்டவே நள்ளிரவாகும், அதன் பின் நடனம், சில ஊர்களில் விடியற்காலையில் வெங்காய சூப். ஞாயிறு மதியம் அதே கூட்டம் மறுபடி சாப்பிட உட்காரும். அதற்கு முன் தோழி கிளம்பிப் போனால் வீட்டார் மனம் வாடும். லியோனுக்குத் திரும்பும் ரயில் டிக்கெட்டை ஞாயிறு மாலைக்கு எடுங்கள்.

அன்புடன்,
அக்கா