போர்ச்சுகல், தென் கொரியா கால்பந்து அணிகளை நடத்திய பாலோ பென்டோ உண்மையிலேயே நல்ல பயிற்சியாளரா, அல்லது வெறும் பிடிவாதக்காரரா?

இரண்டும்தான். அந்தப் பிடிவாதம் எங்கே கைகொடுத்தது, எங்கே கவிழ்த்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு ஆட்டங்களை அருகருகே வைத்துப் பாருங்கள்.

2012 ஜூன் 27, தொனேத்ஸ்க். யூரோ (ஐரோப்பியக் கோப்பை) அரையிறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக போர்ச்சுகல் இறக்கிய அணி: பத்ரீசியோ; ஜோவாவ் பெரெய்ரா, பெப்பே, புருனோ ஆல்வெஸ், கொயென்ட்ராவ்; வெலோசோ, மூட்டினியோ, மெய்ரெலெஸ்; நானி, ஹ்யூகோ அல்மெய்டா, ரொனால்டோ. 2014 ஜூன் 16, சால்வடோர். உலகக் கோப்பை முதல் ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக இறங்கியதும் அதே பதினொருவர். ஒரு பெயர்கூட மாறவில்லை.

முதல் ஆட்டத்தில் உலகச் சாம்பியனான ஸ்பெயினை 120 நிமிடம் கோல் அடிக்கவிடவில்லை. பெனால்டியில்தான் 4-2 என்று தோற்றார்கள். இரண்டாவதில் 4-0 தோல்வி.

2012இல் அது வேலை செய்ததற்குக் காரணம் நடுக்களத்தின் ஓட்டம். வெலோசோ தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் நிற்பார். மூட்டினியோவும் மெய்ரெலெஸும் முன்னேறிப் போய், ஸ்பெயின் பின்னாலிருந்து பந்தை எடுக்கும்போதே நெருக்குவார்கள். ரொனால்டோ இடப்பக்கம் பின்னால் ஓடி வரமாட்டார் என்பதை ஏற்றுக்கொண்டே போட்ட திட்டம் இது. அவர் விட்ட இடத்தை நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் சாய்ந்து போய் அடைக்க வேண்டும். ஆகவே அந்த மூவரின் கால்களில் ஓட்டம் குறைந்தால் திட்டம் முழுவதும் சரியும். கூடுதல் நேரத்தில் ஸ்பெயின் கை ஓங்கியது அதனால்தான். இரண்டு ஆண்டு கழித்து அவர்களுக்கு வயதும் ஏறியிருந்தது. பெப்பே 37ஆம் நிமிடம் சிவப்பு அட்டை வாங்கினார், அல்மெய்டாவும் கொயென்ட்ராவும் காயத்தில் வெளியேறினார்கள். அதெல்லாம் துரதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஆனால் மாற்று ஆட்களைத் தயார் செய்து வைக்காதது பென்டோவின் தவறு. உலகக் கோப்பைக் குழுவில் அமெரிக்காவுக்குச் சமமாக 4 புள்ளி எடுத்தும், கோல் வித்தியாசத்தில் வெளியே போனார்கள். செப்டம்பரில் அவெய்ரோவில் அல்பேனியாவிடம் 1-0 என்று தோற்றதும் பதவி போனது.

2012 பெனால்டி வரிசை பற்றி ஒரு வார்த்தை. ரொனால்டோவை ஐந்தாவதாக வைத்தார்கள். மூட்டினியோ தவறவிட, ஆல்வெஸ் அடித்தது மேல் கம்பத்தில் பட, ரொனால்டோவின் முறை வராமலே முடிந்தது. சிறந்தவரைக் கடைசிக்கு வைத்தால் வரும் ஆபத்து இதுதான்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது? 1969இல் லிஸ்பனில் பிறந்த பென்டோ, தற்காப்பு நடுக்கள ஆட்டக்காரர். ஆடிய கிளப்புகளில் லிஸ்பனின் பென்ஃபிகா, ஸ்பெயினில் ஒவியேடோ, பிறகு லிஸ்பனின் ஸ்போர்ட்டிங். 2002இல் ஸ்போர்ட்டிங்குடன் லீக், கோப்பை இரண்டையும் வென்றார். நாட்டுக்காக 35 ஆட்டங்கள், ஒரு கோலும் இல்லை. இடத்தைக் காப்பதே வேலையாக இருந்தவர். அவசரப்படாமல் தன் இடத்தில் நிற்பதை அவர் ஆட்டக்காரர்களிடம் கேட்பது இயல்புதான். யூரோ 2000 அரையிறுதியில் பிரான்ஸுக்குக் கொடுத்த பெனால்டியை எதிர்த்து நடுவரிடம் மோதி, மாதக்கணக்கில் தடையும் வாங்கியவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோபம் அப்போதே இருந்தது.

பயிற்சியாளராக அவரை உருவாக்கியது ஸ்போர்ட்டிங். இளையோர் அணியிலிருந்து 2005 அக்டோபரில் மூத்த அணிக்கு ஏற்றினார்கள். நான்கு சீசன் தொடர்ந்து இரண்டாமிடம், நான்கிலும் சாம்பியன் போர்ட்டோ. 2006-07இல் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்! போர்ச்சுகல் கோப்பை இரண்டு முறை, சூப்பர் கோப்பை இரண்டு முறை. சொந்த அகாடமிப் பையன்களை நம்பியே இதைச் செய்தார். 18 வயது ரூய் பத்ரீசியோவைக் கோல் காக்க இறக்கியதும் அவர்தான். முதல் ஆட்டத்திலேயே பையன் பெனால்டியைத் தடுத்தார்.

அங்கே அவர் ஆடியது நடுக்களத்தில் நால்வர் வைர வடிவில் நிற்கும் 4-4-2. நடுவில் எப்போதும் ஒரு ஆள் கூடுதலாகக் கிடைப்பார், பந்து சுலபமாகக் கைமாறும். பலவீனம் ஓரங்களில். அகலம் தருவது ஃபுல்பேக்குகள் (ஓரத் தடுப்பாட்டக்காரர்கள்) மட்டுமே. அவர்கள் மேலே போயிருக்கும்போது பந்து பறிபோனால் பின்னால் வெட்டவெளி. 2009இல் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் இரண்டு ஆட்டங்களில் 12 கோல் அடித்தது.

போர்ச்சுகலுக்குப் பிறகு பிரேசிலின் க்ரூசெய்ரோ, கிரீஸின் ஒலிம்பியாகோஸ், சீனாவின் சோங்சிங் என்ற மூன்று கிளப்புகளிலும் குறுகிய காலம். அவற்றை வைத்து அவரை எடைபோட முடியாது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் இரண்டு ஆண்டு முடியும் முன்பே, 2025 மார்ச்சில் நீக்கிவிட்டார்கள்.

தென் கொரியாவின் தேசிய அணியில்தான் அவருக்கு வேண்டிய நேரம் கிடைத்தது. 2018 ஆகஸ்டிலிருந்து 2022 டிசம்பர் வரை. தொடர்ச்சியாக அவ்வளவு காலம் அந்த அணியை நடத்தியவர் வேறு யாரும் இல்லை. பின்னாலிருந்து பந்தைக் கட்டி எழுப்புவது, அதே குழுவைத் திரும்பத் திரும்ப அழைப்பது என்று நின்றார். 2019 ஆசியக் கோப்பையில் கால் இறுதியோடு வெளியேறியபோதும், 2021இல் ஜப்பானிடம் 3-0 என்று தோற்றபோதும் கடும் விமர்சனம். மாறவில்லை. கத்தாரில் நடந்த 2022 உலகக் கோப்பையில் உருகுவேயை முதல் ஆட்டத்தில் அந்த அணி பதறாமல் சமாளித்து 0-0 எடுத்தது அந்த நான்கு ஆண்டின் பலன்.

ஆனால் அங்கே அவர் கொஞ்சம் வளைந்தும் கொடுத்தார். பல மாதம் ஒதுக்கி வைத்திருந்த லீ காங்-இன்னை கானாவுக்கு எதிராக இரண்டாம் பாதியில் இறக்கினார். வந்த சிறிது நேரத்தில் சோ க்யூ-சுங்குக்குக் கோல் அமைத்துக் கொடுத்தார் அந்தப் பையன். அந்த ஆட்டம் 3-2 என்று தோல்வியில் முடிந்தது. கார்னர் எடுக்கவிடாமல் நடுவர் முடித்துவிட்டார் என்று களத்துக்குள் போய்ச் சண்டையிட்டு பென்டோ சிவப்பு அட்டை வாங்கினார்.

அதனால் டிசம்பர் 2 அன்று, சொந்த நாடான போர்ச்சுகலுக்கு எதிராக, பென்டோ பார்வையாளர் மாடத்தில். ஓரக்கோட்டில் உதவியாளர் செர்ஜியோ கோஸ்டா. 2002இல் பென்டோ நாட்டுக்காக ஆடிய கடைசி ஆட்டமும் இதே இரு அணிகளுக்கு இடையில்தான், இஞ்சியோனில். இம்முறை ஐந்தாவது நிமிடமே ஒரு கோல் பின்தங்கினார்கள். லீ அடித்த கார்னரில் சமன். கடைசி நிமிடங்களில் சொன் தன் பாதியிலிருந்து பந்தை ஓட்டிக்கொண்டு போய், தடுப்பவரின் காலிடுக்கில் தள்ள, ஹ்வாங் ஹீ-சான் அடித்தார். 2-1. உருகுவேயும் கொரியாவும் புள்ளியிலும் கோல் வித்தியாசத்திலும் சமம்; அடித்த கோல் நான்குக்கு இரண்டு என்று கொரியா அடுத்த சுற்றுக்குப் போனது.