மேலூர் குட்டையில் நன்னீர் இறால் ஒரே அளவாக வளராதது பற்றி

ஐந்து மாதத்தில் சில இறால் நீண்ட கொடுக்கோடு திரிய, மற்ற பாதி இறால் விரலளவிலேயே நிற்பதால் கலப்பு விதை (வளர்க்க விடும் குஞ்சு) தந்துவிட்டார்கள் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை அண்ணே. ஆண் இறாலைக் கையில் எடுத்துக் கொடுக்கைப் பாருங்கள். நீலக் கொடுக்குக்காரன் குட்டையை ஆளுவான், ஆரஞ்சுக் கொடுக்குக்காரன் வேகமாக வளருவான், பொடிசு நீலத்துக்கு அடங்கியே கிடக்கும். ஒரு தாய்க் குஞ்சுகளிலும் இப்படித்தான். பெரிய கண்ணி வலையால் நீலத்தை மட்டும் அரித்தெடுங்கள், மிச்சம் கிளம்பிவிடும்.

அப்புறம், சினைப் பெண்ணை வைத்துச் சொந்தமாக விதை எடுக்க வேண்டாம். குஞ்சுக்கு உவர்நீர் வேண்டும், கண்மாய்த் தண்ணீரில் பிழைக்காது. அடுத்த முறை முழு ஆண் விதை, அதாவது எல்லாமே ஆண் குஞ்சாக உள்ள விதை, கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். நன்னீர் இறாலில் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோம் ஆணுக்கு இசட்-இசட், பெண்ணுக்கு இசட்-டபிள்யூ. பெண்ணாக மாற்றிய ஆணோடு இன்னொரு ஆணைச் சேர்த்தால் பிறப்பதெல்லாம் ஆண்தான். அதிலும் நீலக் கொடுக்கு வரும், அரிப்பதை நிறுத்தாதீர்கள்.